வழுக்கி விழுந்ததாக இனி எழுத மாட்டோம்

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு தடித்த நோட்டு இருக்கும். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்பார்கள், விபத்துப் பதிவேடு. லாரியில் அடிபட்டவன், பனையிலிருந்து விழுந்தவன், மாடு முட்டியவன், வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டவன் எல்லாரும் அதில்தான் ஏறுவார்கள். புருஷன் அடித்து மண்டை உடைந்து வருகிற பெண்ணும் அதில்தான் ஏறுவாள், ஏற்றினால். விபத்து என்றால் யாரும் நினைக்காமல் நடப்பது. கூலி வாங்கிய சனிக்கிழமை ராத்திரியில் தவறாமல் நடப்பதற்கு விபத்து என்று பேர் வைத்தது யார்?

நான் நர்ஸ். 1990-ல் வேலைக்குச் சேர்ந்து 2024-ல் ஓய்வு பெற்றவள். வடமாவட்டங்களில் ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி என்று 34 வருஷம். பறத்தெருவில் பிறந்தவள். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச முடியும். நான் பேசப்போவது ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் இல்லை, நம்மைப் பற்றியும்தான்.

பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எத்தனை பெண்களுக்கு என் கையால் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அவர்களில் பல பேர் வீட்டில் பாத்ரூமே கிடையாது. ஏரிக்கரைக்கும் கருவேலங்காட்டுக்கும் போகிறவர்கள். அவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள் என்று டாக்டர் சொன்னார், நான் எழுதினேன், போலீஸ்காரர் படித்தார். மூன்று பேரும் கவர்மெண்ட் சம்பளம் வாங்குகிறவர்கள். மூன்று பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

*

1994. அப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தேன். இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. நம்ம சனம். பேர் வேண்டாம். கழுத்தில் இரண்டு பக்கமும் விரல் பதிந்து கன்றியிருந்தது. கண்ணின் வெள்ளையில் ரத்தப் புள்ளிகள். குரல் கம்மிப்போய் காற்றுதான் வந்தது. பக்கத்தில் புருஷன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாமியார்க்காரி வாசற்படியில்.

"இன்னா ஆச்சி?" என்றேன்.

"மோட்டார் கொட்டாவுல வழுக்கி வுழுந்துட்டன்க்கா." அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கீழே விழுந்தால் கழுத்தில் விரல் பதியுமா? எனக்குத் தெரியாதா? மருந்து போட்டேன். போட்டுவிட்டு, "பாத்து நடக்கக் கூடாதா" என்றேன். அவன் சிரித்தான். அவள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு முந்தானையை எடுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

ஒன்றரை மாசம் கழித்துத் தீக்காயத்தோடு கொண்டுவந்தார்கள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கினார். அவரிடமும் ஸ்டவ் என்றுதான் சொன்னாள். பெற்ற பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறது, வேறு என்ன சொல்வாள்? அன்று ராத்திரி பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைக்கும்போது என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அக்கா, நாங்க வெறவுலதான் சோறாக்குறம்" என்றாள். அந்த வீட்டில் ஸ்டவ்வே இல்லை. ஓடிப்போய் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். "மாஜிஸ்திரேட் எழுதிட்டாரு. நீங்க போயி வேலையப் பாருங்க சிஸ்டர்" என்றார். போய் வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

கழுத்தை நெரித்தவன் பிறகு கொலையே செய்யக்கூடும் என்பது இன்றைக்கு ஆராய்ச்சிகளில் உறுதியான விஷயம். புருஷனால் பெண் கொல்லப்படுவதற்கு முன்னால் தெரிகிற எச்சரிக்கைகளில் அது மிக மோசமான ஒன்று. நெரித்த கழுத்தில் பல சமயம் வெளியே காயமே தெரியாது. குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் இருட்டிக்கொண்டு வந்ததா, தன்னையறியாமல் மூத்திரம் போய்விட்டதா என்று கேட்டால்தான் தெரியும். நான் படித்த நர்சிங் ஸ்கூலில் பெட்ஷீட்டை நாலு மூலையும் எப்படி மடிப்பது என்று ஒரு வாரம் சொல்லித் தந்தார்கள். இதை ஒரு நிமிஷம் கூடச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராததால் தெரியவில்லை என்று நான் தப்பிக்கவும் மாட்டேன். விரல் பதிந்த கழுத்தைப் பார்க்க எந்த ஸ்கூலும் தேவையில்லை.

*

ஏன் நர்ஸைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாய் என்று கேட்கலாம். போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, மகளிர் காவல் நிலையம் 1992-லிருந்து இருக்கிறது என்று சொல்லலாம்.

அடிபடுகிற பெண் எந்த இடத்துக்கெல்லாம் போக முடியும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்டேஷனுக்குப் போனால் அடுத்த அரை மணியில் தெருவுக்கே தெரியும். வக்கீலிடம் போகக் காசு வேண்டும். அம்மா வீட்டுக்குப் போனால் ரெண்டு நாளில் சோறு போட்டு, புத்தி சொல்லி, அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். எதற்கு வெளியே போகிறாய் என்று புருஷன் கேட்காத இடம் ஒன்றுதான் உண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி, எனக்குக் காய்ச்சல், மாசமா இருக்கறேன் எடை பார்க்கணும் என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு வரலாம். அவள் வராவிட்டாலும் கிராம சுகாதார செவிலியர் அவள் வீட்டு வாசலுக்குப் போகிறார். அடுப்படி வரைக்கும் போகிற ஒரே கவர்மெண்ட் ஆள் அவர்தான்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய சராசரி 29. பெரியார் பிறந்த மண் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். வன்முறைக்கு ஆளான பெண்களில் முக்கால்வாசிப் பேர் அதை யாரிடமும் சொன்னதில்லை, யாரிடமும் உதவி கேட்டதில்லை என்று அதே கணக்கெடுப்பு நாடு முழுமைக்கும் சொல்கிறது. சொல்லாதவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு நர்ஸ் முன்னால் கையை நீட்டியிருப்பார்கள், பி.பி. பார்க்கவாவது.

இன்னொன்று, தொடுவது. டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் சீட்டு எழுதுகிறார். புடவையை விலக்கி, ரத்தத்தைக் கழுவி, எந்த இடத்தில் புதுக் காயம், எந்த இடத்தில் பழைய தழும்பு என்று பார்ப்பது நர்ஸ். ரத்தம், சீழ், மலம், மூத்திரம், பிள்ளைப்பேறு எல்லாம் தீட்டு என்று வைத்த சமூகம் இது. அந்தத் தீட்டைத் தொடுகிற வேலையை அம்பட்டச் சாதி மருத்துவச்சிக்கும் சேரிப் பெண்ணுக்கும் தள்ளிவிட்டது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவள் கை வேண்டும், பிறந்த பிறகு அவள் கையால் தண்ணீர் ஆகாது. நர்ஸ் வேலைக்கும் அந்த இளப்பம் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. "நர்ஸா? கண்டவனையும் தொடற வேலையாச்சே" என்று என் காதுபடவே சொன்னார்கள். தொடுகிறோம், அதனால்தான் எங்களுக்குத் தெரியும். எந்த வீட்டுப் பெண் முதுகில் எத்தனை தழும்பு என்று இந்த ஊரில் நர்ஸுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

இதற்காக எங்களைத் தேவதை ஆக்கவேண்டாம். மே 12 வந்தால் மெழுகுவத்தி கொளுத்தி விளக்கேந்திய சீமாட்டி என்று பேசி எங்களை உட்கார வைத்துவிடுகிறார்கள். நர்ஸிலும் சாதி உண்டு. சேரிப் பெண் உதடு கிழிந்து வந்தால், "இந்தக் காலனிப் பொம்பளைங்களுக்கு இதே வேலையாப் போச்சு, குடிச்சிட்டு அடிச்சிக்கிறது" என்று சொன்ன நர்ஸோடு ஒரே டியூட்டி பார்த்திருக்கிறேன். அதே கை, ஊர்த்தெரு பெரிய வீட்டு மருமகள் கன்னம் வீங்கி வந்தபோது பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டுபோய்த் தனி அறையில் உட்கார வைத்தது. "மாடிப்படியில வழுக்கிட்டாங்க" என்று மாமனார் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஆளே சொன்னார். சேரியில் அடித்தால் அது அவங்க பழக்கம், பெரிய வீட்டில் அடித்தால் அது விபத்து. இரண்டு பெண்களுக்கும் நியாயம் கிடைக்காமல் போவது ஒன்றுதான். ஆனால் நம்ம பெண்ணுக்குக் கூடவே சாதியும் சேர்ந்து அடி கொடுக்கிறது. அவள் வாங்கிய அடி அவள் சாதிக்கு சாட்சியாகிவிடுகிறது. நம்ம வீடு ஓலை வீடு, தெருவோரத்து வீடு, சத்தம் கேட்டுவிடும். அவர்களுக்குக் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது.

*

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்ம பிள்ளைகள், முக்கியமாக நர்சிங் படிக்கிற பிள்ளைகள், இதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அடிபட்ட பெண் கேட்டால் எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சை தராமல் திருப்பி அனுப்பக்கூடாது. 2006 விதிகளில் 17-ஆம் விதியைப் படியுங்கள். குடும்ப நிகழ்வு அறிக்கை என்று ஒரு படிவம் இருக்கிறது, படிவம் 1. அதை யாரும் இதுவரை எழுதவில்லை என்றால் ஆஸ்பத்திரிப் பொறுப்பில் இருப்பவரே எழுதி, பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பவேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்குக் காசில்லாமல் தரவேண்டும். வன்முறை நடக்கிறது என்று நம்ப நியாயம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது. இது 4-ஆம் பிரிவு.

2006-லிருந்து 2024 வரைக்கும் பதினெட்டு வருஷம். நான் வேலை பார்த்த எந்த ஆஸ்பத்திரி பீரோவிலும் படிவம் 1-ஐப் பார்த்ததில்லை. குடும்பக் கட்டுப்பாடு படிவம் கட்டுக்கட்டாக இருக்கும். நம்ம பெண்களின் கர்ப்பப்பையை எண்ண அரசாங்கத்துக்குப் படிவம் உண்டு, உடைந்த எலும்பை எண்ண இல்லை.

படிவம் எழுதினால் போலீஸ் வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பெண்கள் பயப்படுகிறார்கள். நர்ஸுகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த அறிக்கை எஃப்.ஐ.ஆர். கிடையாது. பழைய 498-ஏ வேறு, அது 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 85-ஆம் பிரிவாகியிருக்கிறது. அது குற்ற வழக்கு. 2005 சட்டத்தில் பெண் மாஜிஸ்திரேட்டிடம் போய், என்னை அடிக்கக்கூடாது என்று உத்தரவு போடுங்கள், வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது என்று உத்தரவு போடுங்கள், எனக்கும் பிள்ளைக்கும் செலவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் அதில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. முதல் விசாரணையை மூன்று நாளைக்குள் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அவனுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். கோர்ட்டில் இதெல்லாம் எப்படி இழுக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இழுக்கிற கேஸிலும் நிற்கிற ஒரே சாட்சி அன்றைக்கு நர்ஸும் டாக்டரும் எழுதின காகிதம்தான். அதில் வழுக்கி விழுந்தாள் என்று இருந்தால் அந்தக் காகிதம் புருஷன் பக்கத்து சாட்சி.

2000-களின் தொடக்கத்தில் பம்பாய் பாந்த்ராவில் ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குள்ளேயே 'திலாசா' என்று ஒரு மையம் ஆரம்பித்தார்கள். சேஹத் என்ற அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து செய்தது. ஆஸ்பத்திரி ஊழியருக்கே பயிற்சி கொடுத்து, வருகிற பெண்களில் யார் அடிபட்டவள் என்று கண்டுபிடித்து, அங்கேயே உட்கார வைத்துப் பேசினார்கள். கேரளத்தில் 2009-லிருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் 'பூமிகா' மையங்கள் வந்தன. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் மருத்துவ ஊழியருக்கு வழிகாட்டியே போட்டது. கேள், விசாரி, நம்பு, பாதுகாப்பைப் பார், துணை நில் என்பதுதான் அதன் சாரம். இதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டாம்.

நாங்கள் மூன்று நர்ஸுகள் யாரையும் கேட்காமல் ஒரு ஆஸ்பத்திரியில் இதை ஆரம்பித்தோம். முதல் வேலை, கூட வந்தவனை வெளியே அனுப்புவது. "யூரின் டெஸ்ட் எடுக்கணும், ஆம்பளைங்க வெளிய இருங்க" என்றால் எந்த வீரனும் வெளியே போய்விடுவான். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "இந்த மாதிரிக் காயம் யாராவது அடிச்சாத்தான் வரும். வூட்ல யாராச்சும் அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேட்போம். முதல் தடவையே சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர். சொல்லாதவளை நோண்டக்கூடாது. "எப்ப வேணா வா, நான் இந்த டியூட்டியில இருப்பேன்" என்றால் போதும். அவள் வருவாள்.

சொன்னால், நீ என்ன செய்தாய் என்று கேட்கக்கூடாது. "உன் மேல தப்பில்ல" என்று ஒரு வார்த்தை. அதற்கே பல பேர் அழுவார்கள். இதை இதற்கு முன்னால் யாரும் அவளிடம் சொன்னதில்லை. காயத்தை எழுதும்போது எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், புதுசா பழசா என்று எழுதவேண்டும். யார் அடித்தான் என்று அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதவேண்டும். சம்மதம் கேட்டுத்தான் செய்யவேண்டும். நகலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றால் எங்கே வைப்பது என்றும் அவளோடு பேசவேண்டும்.

வீட்டை விட்டுப் போகிறேன் என்கிறவளைத் தட்டிக்கொடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. அடிக்கிறவன் ரொம்ப ஆபத்தானவனாக மாறுவது அவள் போகப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதான். அதனால் போகிற நாள் அவளுக்கு மட்டும் தெரியவேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புக், பிள்ளைகளின் சாதிச் சான்று, மார்க் ஷீட், ஒரு செட் துணி. இவை ஒரு பையில், நம்பிக்கையான பக்கத்து வீட்டில். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 181-க்கு ராத்திரியிலும் கூப்பிடலாம். இந்த நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவன் கையில் சிக்கும். நாங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் எடை போடுகிற இடத்தில் எழுதிக் கொடுத்தோம். எந்தப் புருஷனும் தடுப்பூசி அட்டையைப் படித்துப் பார்ப்பதில்லை.

ஒரு பெண் நாலு தடவை போய் நாலு தடவை திரும்பி வந்தாள். கூட வேலை பார்க்கிறவர்கள் சிரித்தார்கள், "உங்க ஆளு திரும்ப அவங்கிட்டயே போயிட்டா" என்று. ஐந்தாம் தடவை போனவள் திரும்பவில்லை. இப்போது ஒரு சிறுநகரத்தில் தையல் வேலை செய்கிறாள், பெண் பிள்ளை பிளஸ் டூ படிக்கிறது. நாலு தடவையும் அவளைத் திட்டி அனுப்பியிருந்தால் ஐந்தாம் தடவை அவள் எங்களிடம் வந்திருக்க மாட்டாள்.

*

இனி தோழர்களுக்கு.

ஒரு நாள் டிரெஸ்ஸிங் ரூமுக்கு வெளியே ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். இயக்கத்துக்காரர். அவர் பேச்சைக் கேட்டு நானே கை தட்டியிருக்கிறேன். உள்ளே படுத்திருந்தது அவருடைய தம்பி பெண்டாட்டி. கை முறிந்திருந்தது.

"அக்கா, கீழ வுழுந்ததா எழுதிடுங்க. நம்ம ஆளு மேல கேஸ் ஆச்சின்னா ஊர்த்தெருக்காரன் சிரிப்பான். போலீஸ்காரன் எப்படா நம்ம பையன் சிக்குவான்னு காத்துக்கிட்டிருக்கான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் தம்பி. பொய் கேஸில் நம்ம பையன்களை அள்ளிக்கொண்டு போனதையும், லாக்கப்பில் அடிபட்டவனுக்கு நானே கட்டுப் போட்டதையும் நான் மறக்கவில்லை. அங்கேயும் ரிஜிஸ்டரில் வழுக்கி விழுந்ததாகத்தான் எழுதச் சொன்னார்கள். ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று செய்தி வந்தால் நாமெல்லாம் ரோட்டுக்கு வருகிறோம், போஸ்டர் ஒட்டுகிறோம். வீட்டில் வழுக்கி விழுந்தவளுக்கு யார் போஸ்டர் ஒட்டுவது? அதே பொய்யை, அதே நோட்டில், அதே வார்த்தையில் எழுதச் சொல்லி நீங்களே வந்து நிற்கிறீர்களே. போலீஸ்காரன் வாயில் பொய்யாக இருந்தது உங்கள் வாயில் எப்போது சமுதாய மானம் ஆனது?

மானத்தைப் பெண் உடம்பில் வைக்கிறது சாதி இந்துவின் வேலை. அவன் தன் மகளைக் கொல்வதும் அந்த மானத்துக்காகத்தான். நமக்கு எதற்கு அது?

குடிதான் காரணம் என்பார்கள். 2003-லிருந்து அரசாங்கமே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது, அந்தக் கடை வேண்டாம் என்று முதலில் கல் எடுப்பவளும் நம்ம பெண்தான். ஆனால் எவ்வளவு குடித்தாலும் இவன் மேஸ்திரியை அடிப்பதில்லை, நிலக்காரனை அடிப்பதில்லை, எஸ்.ஐ.-யை அடிப்பதில்லை. யாரை அடித்தால் கேள்வி வராது என்று அந்த போதையிலும் அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. நாள் முழுக்க அவமானப்பட்டவன் வீட்டுக்கு வந்து அடிக்கிறான் என்று பரிதாபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவளும் அதே வயலில் அதே நிலக்காரனிடம் அதைவிடக் குறைந்த கூலிக்கு அதே அவமானத்தைப் பட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள். அவள் யாரை அடிப்பது?

அண்ணல் படம் இல்லாத வீடு நம்ம தெருவில் இல்லை. 1942-ல் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அவர் என்ன பேசினார் என்று தேடிப் படியுங்கள். புருஷனுக்குச் சமமாக நில், தோழியாக இரு, அடிமையாக இருக்க மறு என்று பெண்களைப் பார்த்துத்தான் சொன்னார். இந்துச் சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதை ஒரு காரணமாகச் சொல்லித்தான் 1951-ல் மந்திரி பதவியை விட்டார். ஜனவரி 3-ல் மாலை போடுகிற சாவித்திரிபாய் பூலே 1863-ல் பூனாவில், கதியில்லாத கர்ப்பிணிகள் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ளத் தன் வீட்டையே திறந்துவிட்டவர். பார்ப்பன விதவைக்கும் அந்தக் கதவு திறந்தது. 1897-ல் பிளேக் நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிப் பணிவிடை செய்து, அந்த நோயிலேயே செத்தார். எங்களுக்கு மெழுகுவத்தி கொளுத்த ஆள் வேண்டுமென்றால் அவர் இருக்கிறார்.

சிவகாமி 1989-லேயே 'பழையன கழிதலும்' எழுதி ஒரு தலித் தலைவரின் வீட்டுக் கதவைத் திறந்து காட்டினார். நம்ம அழுக்கை ஊருக்குக் காட்டுகிறாள் என்று சொன்னவர்கள் உண்டு. என்னையும் சொல்வார்கள். சொல்லட்டும். புண்ணை மூடி வைத்தால் சீழ்தான் பிடிக்கும். திறந்து கழுவித்தான் கட்ட வேண்டும். இது அரசியல் தத்துவம் இல்லை, என் தொழில்.

அன்றைக்கு அந்தத் தோழரிடம் நான் இவ்வளவும் பேசவில்லை. "தம்பி, உள்ள வந்து அந்தப் புள்ள கையப் புடிச்சிப் பாத்துட்டு, அப்புறம் சொல்லுங்க, எழுதறேன்" என்றேன். அவர் உள்ளே வரவில்லை. நான் அவள் சொன்னதை எழுதினேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசியதில்லை.

*

கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கதவு சாத்துகிற மாதிரி ஒரு அறை. பீரோவில் படிவம் 1. அதை எழுதும் அதிகாரம் நர்ஸுக்கும். நர்சிங் பாடத்தில் இதற்கென்று பாடம், தேர்வில் கேள்வி. 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நர்ஸுகளை எடுத்தார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் திரும்பத் திரும்ப ரோட்டில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவள், கவுன்சிலரின் மகன் பெண்டாட்டியை அடித்தான் என்று எப்படி எழுதுவாள்? நர்ஸுக்கு நிரந்தர வேலை என்பது சங்கத்துக்காரர் பிரச்சினை மட்டும் இல்லை, அடிபட்ட பெண்ணின் பிரச்சினையும்தான்.

இயக்கத்திடம் கேட்பது இன்னும் சின்னது. வீட்டை விட்டு வருகிறவளை ஒரு வாரம் வைத்துச் சோறு போட ஒவ்வொரு காலனியிலும் ஒரு வீடு. பஞ்சாயத்துப் பேசிச் சேர்த்துவைக்கப் போகாத நாலு ஆண்கள். மன்றத்துச் சுவரில் எழுத்துக்களுக்கு நடுவே 181 என்று ஒரு எண்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நர்ஸுப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூட வந்தவனை வெளியே அனுப்புங்கள். கதவைச் சாத்துங்கள். கேளுங்கள். அவள் சொல்வதை எழுதுங்கள். நான் 1994-ல் கேட்காமல் விட்டேன், "பாத்து நடக்கக் கூடாதா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயசு தாண்டியிருக்கும்.